கிரீன் கார்டு, கஞ்சா வழக்கு: ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி (காரைக்குடி): அக்கா மகன் அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருக்கிறான். காரில் கஞ்சா இருந்ததாக வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடியும் என்கிறார் வக்கீல். சரியா?

பதில் 1: கையெழுத்து வேண்டாம் அண்ணே, பொறுங்கள். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள், அதுவும் ஒரே ஒருமுறை என்றால்தான் நாடு கடத்தலில் விலக்கு. அந்த எடையும் ‘சொந்த உபயோகம்’ என்பதும் கோர்ட் பதிவில் தெளிவாக இருக்கட்டும். ‘விற்பனை’ என்ற சொல் ஏறினால் தப்பும் வழி அநேகமாக எல்லாமே அடைபடும். பிறகு மாநிலக் கோர்ட் வழக்கையே அழித்தாலும், ஒப்புதலும் அபராதமும் இருந்தால் குடியேற்றச் சட்டத்துக்கு அது தண்டனைதான். பிள்ளைகள் மாட்டுவது இங்கேதான்.

பதில் 2: குடியேற்ற விளைவைக் கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010-இல் படில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே எழுத்தில் கேளுங்கள். தனியாகக் குடியேற்ற வக்கீலையும் பாருங்கள். குடியேற்றக் கோர்ட்டில் அரசு செலவில் வக்கீல் தரமாட்டார்கள்.

பதில் 3: படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ இப்போது ஊருக்கு அழைக்காதீர்கள். திரும்ப நுழையும்போது 30 கிராம் விலக்கு தானாகக் கிடைக்காது.

கேள்வி கேட்டவர்: நாடு கடத்தல் நோட்டீஸ் வந்துவிட்டால், ஆச்சி?

பதில் 3: கிரீன் கார்டு 5 வருடம், முறைப்படி நுழைந்தபின் தொடர்வாசம் 7 வருடம் இருந்தால் நாடு கடத்தலை ரத்து செய்யக் கேட்டு மனு போடலாம். குற்றம் நடந்த தேதியோடு அந்த 7 வருடக் கணக்கு நின்றுவிடக்கூடும். வரி ரசீது, வேலைச் சான்று இப்போதே சேருங்கள்.