டிஜிட்டல் ஸ்கிராப்புக் பக்கங்களுக்குப் புதிய கணினி: எதற்கு முதலிடம் கொடுப்பது?

ஒட்டுத்தாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குடும்பப் படங்களைக் கொண்டு டிஜிட்டல் ஸ்கிராப்புக் பக்கங்கள் செய்து, அவற்றை ஆண்டுதோறும் ஆல்பமாக அச்சிட்டு வைப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். இடையிடையே வாழ்த்து அட்டைகளும் அழைப்பிதழ்களும் வடிவமைத்துக் கொடுப்பதுண்டு. பக்கங்கள் எல்லாம் 12 அங்குலச் சதுரம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), போட்டோஷாப்பில் செய்கிறேன். பின்னணித் தாள், படங்கள், பூக்கள், நாடாக்கள், எழுத்துகள் என்று ஒரே பக்கத்தில் இருபது முப்பது அடுக்குகள் சேர்ந்துவிடும். பெரும்பாலானவற்றுக்கு நிழலும் உண்டு.

இப்போது என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேமும் (கணினியின் வேலை நினைவகம்) ஹார்ட் டிஸ்க்கும் கொண்ட பழைய லேப்டாப். அடுக்குகள் பதினைந்தைத் தாண்டியதும் ஒரு பூவை நகர்த்தினாலே திரை தயங்கித் தயங்கி நகர்கிறது. சேமிக்கச் சொன்னால் வேறு வேலையைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 10 பதிப்புக்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. இந்தக் கணினியோ விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. ஆகவே புதிதாக வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

விற்பனையாளர் ஒருவர், கிராபிக்ஸ் வேலை என்று சொன்னவுடனேயே, பெரிய கிராபிக்ஸ் கார்டு பொருத்திய, விளையாட்டுக்கென்று செய்யப்பட்ட லேப்டாப்பைத்தான் வாங்க வேண்டும் என்கிறார். அதை வாங்கினால் மானிட்டருக்கென்று எதுவும் மிஞ்சாது. என் வேலைக்கு அந்தக் கார்டு உண்மையிலேயே தேவையா? ரேம் எவ்வளவு இருக்க வேண்டும்? இன்னொரு குறையும் உண்டு: திரையில் பளிச்சென்று தெரியும் பக்கங்கள் அச்சில் எப்போதும் இருண்டே வருகின்றன. புதிய கணினி வாங்கினால் அதுவும் சரியாகுமா?

அடுக்குப்பணி எழுதியது:

வணக்கம். கேள்வியைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் கணக்குப் போட்டே பதில் சொல்ல முடிகிறது.

12 அங்குலத்தை 300-ஆல் பெருக்கினால் 3600. உங்கள் பக்கம் 3600-க்கு 3600, அதாவது சுமார் 1 கோடியே 30 லட்சம் பிக்சல் (படத்தின் நுண்புள்ளி). ஒரு பிக்சலின் நிறத்துக்கு மூன்று பைட், ஒளிபுகும் தன்மைக்கு ஒரு பைட் என்று கொண்டால், பக்கம் முழுவதையும் நிரப்பும் ஓர் அடுக்கு மட்டுமே ஏறத்தாழ 52 எம்பி இடத்தை நினைவகத்தில் பிடித்துக்கொள்கிறது. சிறிய பூவும் நாடாவும் தாம் பரவியிருக்கும் பரப்புக்கு ஏற்பத்தான் இடம் கேட்கும் என்பது உண்மையே. ஆனால் பின்னணித் தாள்களையும் பெரிய படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுதான் இந்தக் கலையின் இயல்பு என்பதால், முப்பது அடுக்குகளில் பத்துப் பன்னிரண்டு முழு அளவில் இருப்பது அரிதல்ல. 16 பிட் நிறத்தில் வேலை செய்தால் இந்த அளவு அப்படியே இரட்டிக்கும். இதற்கு மேல், செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறுவதற்காகப் போட்டோஷாப் பழைய நிலைகளை நினைவில் வைத்திருக்கிறது. இயல்பான அமைப்பில் ஐம்பது நிலைகள். மாறிய பகுதி மட்டுமே அப்படிச் சேமிக்கப்படும் என்றாலும், பக்கம் முழுவதற்கும் ஒரு வடிகட்டியைப் (ஃபில்டர்) போட்டால் முழுப் பக்கமும் மாறிய பகுதிதான்.

8 ஜிபி ரேமில் விண்டோஸும் உலாவியும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது இதற்குப் போதாது. போதாதபோது போட்டோஷாப் ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதியைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்துகிறது. ஹார்ட் டிஸ்க்கின் வேகம் நொடிக்கு 100 முதல் 200 எம்பி வரைதான். ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றாக வரும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில், சாட்டா வகை நொடிக்கு 550 எம்பி அளவுக்கும், என்விஎம்இ வகை சில ஆயிரம் எம்பி அளவுக்கும் படிக்கக்கூடியவை. நீங்கள் காணும் தயக்கம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. போட்டோஷாப் சாளரத்தின் கீழ்ப்பட்டையில் உள்ள சிறிய அம்புக்குறியைச் சொடுக்கி ‘எஃபிஷியன்சி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது 100 விழுக்காட்டில் நின்றால் ரேம் போதுமானது. பெரிய பக்கத்தில் வேலை செய்யும்போது அதற்குக் கீழே இறங்கினால், வேலை டிஸ்க்குக்குப் போய்விட்டது என்று பொருள்.

ஆகவே என் பரிந்துரை: ரேம் 32 ஜிபி, கட்டாயம் குறைக்க வேண்டுமென்றால் 16, அதற்குக் கீழே வேண்டாம். எஸ்எஸ்டி 1 டிபி, என்விஎம்இ வகை. பிராசசரைப் பொறுத்தவரை, போட்டோஷாப்பின் அன்றாட வேலைகளில் பல ஒரே கோரின் (பிராசசருக்குள் இருக்கும் தனிச் செயலகம்) வேகத்தைத்தான் நம்பியிருக்கின்றன. அண்மைத் தலைமுறையின் நடுத்தரப் பிராசசர், ஆறு முதல் எட்டுக் கோர்களுடன் இருந்தால் போதும்.

கிராபிக்ஸ் கார்டு பற்றி அந்த விற்பனையாளர் சொன்னது உங்கள் வேலைக்குப் பொருந்தாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது, திருப்புவது, சில மங்கலாக்கும் வடிகட்டிகள், கேமரா ராவில் (போட்டோஷாப்போடு வரும் படத் திருத்தக் கருவி) செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை நீக்குவது போன்றவற்றுக்கு அந்தக் கார்டு உதவும். கடைசியாகச் சொன்னதற்கு மிகவும் உதவும். அடுக்குகளை வைப்பதற்கும் நிழல் போடுவதற்கும் கோப்பைச் சேமிப்பதற்கும் பெரிய கார்டால் சொல்லத்தக்க பயன் இல்லை. பிராசசரோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸே இந்த வேலையைத் தாங்கும். தனிக் கார்டு வேண்டுமென்றால் 4 ஜிபி நினைவகம் உள்ள எளிய கார்டு போதும். மானிட்டருக்கு வைத்திருக்கும் பணத்தை அந்தக் கார்டில் போட்டுவிடாதீர்கள்.

நிறச்சமன் எழுதியது:

மேலே நண்பர் கடைசியாகச் சொன்ன வரியிலிருந்தே தொடங்குகிறேன்; ஏனெனில் அச்சு இருண்டு வருவதாகக் கேட்டிருக்கிறீர்கள், அந்தக் கேள்விக்கான விடை முழுவதும் திரையில்தான் இருக்கிறது. எவ்வளவு வேகமான கணினி வாங்கினாலும் இந்தக் குறை தானாக நீங்காது.

லேப்டாப் திரைகள் வெளிச்சமான இடத்திலும் தெரிய வேண்டும் என்பதற்காக மிகுந்த ஒளியோடு செய்யப்படுகின்றன. முழு ஒளியில் சதுர மீட்டருக்கு 250, 300 கேண்டலா (ஒளியை அளக்கும் அலகு) என்பது சாதாரணம். அச்சுக்கு அனுப்பும் வேலைக்குத் திரையின் ஒளி 100 முதல் 120 கேண்டலா அளவில் இருப்பதே பொதுவான நடைமுறை. அதைப்போல இரு மடங்குக்கு மேல் ஒளிரும் திரையைப் பார்த்து, படம் போதிய வெளிச்சத்தோடு இருக்கிறது என்று நாம் முடிவு செய்கிறோம். தாளோ தானாக ஒளிர்வதில்லை, அறையின் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. ஆகவே புதிய கணினி வருவதற்கு முன்பே இன்று நீங்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு: ஏற்கெனவே அச்சிட்ட ஓர் ஆல்பப் பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் திரையின் அருகே பிடித்து, இரண்டும் ஒத்துப்போகும் வரை திரையின் ஒளியைக் குறையுங்கள். பிறகு அந்த அளவிலேயே வேலை செய்யுங்கள்.

அடுத்தது நிறம். விவரக்குறிப்பில் ‘45 விழுக்காடு என்டிஎஸ்சி’ (திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவு) என்று போட்டிருக்கும் லேப்டாப்பைக் கிராபிக்ஸ் வேலைக்கு வாங்கக் கூடாது. என்டிஎஸ்சி அளவில் 72 விழுக்காடு என்பதுதான் ஏறத்தாழ, திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறப் பரப்பு முழுவதற்கும் ஈடானது. 45 என்றால் சிவப்பும் பச்சையும் வெளிறித்தான் தெரியும், அதைப் பார்த்து நாம் நிறத்தைக் கூட்டிவிடுவோம். விளையாட்டு லேப்டாப்களில் விலை குறைந்தவற்றில் இந்தத் திரை அடிக்கடி காணப்படுகிறது. பெரிய கார்டுக்காகத் திரையில் செய்த சிக்கனம் அது. ஐபிஎஸ் வகை (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை), எஸ்ஆர்ஜிபி 100 விழுக்காடு என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஆல்பம் அச்சிடுவோர் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி கோப்பையே கேட்கிறார்கள் என்பதால், அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபி நிறப் பரப்பைக் காட்டும் விலை உயர்ந்த மானிட்டர் உங்களுக்குத் தேவையில்லை. அப்படிப்பட்ட மானிட்டரே கைக்கு வந்தால் அதை எஸ்ஆர்ஜிபி நிலையில் வைத்துப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நிற மேலாண்மை (கோப்பின் நிறத்தைத் திரைக்கேற்ப மாற்றிக் காட்டும் வசதி) இல்லாத செயலிகளில் தோலின் நிறம் செம்மை ஏறித் தெரியும்.

அளவைப் பொறுத்தவரை, 27 அங்குலம், 2560-க்கு 1440 பிக்சல் என்பது நல்ல நடுவழி. அதில் முழுப் பக்கம் 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைந்த அளவில் தெரியும். 1080 வரிகள் கொண்ட திரையிலோ 30 விழுக்காட்டைக்கூட எட்டாது, நிழல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் பெரிதாக்க வேண்டியிருக்கும். ஸ்பைடர், காலிபிரைட் போன்ற நிற அளவீட்டுக் கருவி ஒன்றையும் வாங்க முடிந்தால் வாங்குங்கள். வெண்மை 6500 கெல்வின், காமா (இடைப்பட்ட சாயல்களின் வெளிச்ச அளவு) 2.2, ஒளி 100 முதல் 120 கேண்டலா என்று அமைத்து, அவ்வப்போது சரிபார்த்துவந்தால் திரையை நம்பலாம். தனிக் கார்டா இந்தக் கருவியா என்று ஒருவர் கேட்டால், நான் தயங்காமல் கருவியையே சொல்வேன்.

மேசைப்பெட்டி எழுதியது:

இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வெளியே எடுத்துச் செல்லும் தேவை இல்லையென்றால் மேசைக் கணினியே மேல். பின்னாளில் ரேம் கூட்டலாம், இரண்டாவது எஸ்எஸ்டி பொருத்தலாம். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பிறகு மாற்ற இயலாது. ஆப்பிளின் எம் வரிசைக் கணினிகளிலும் நினைவகம் அப்படித்தான். அவற்றை வாங்குவோர் இன்றைய தேவைக்கு மேல் ஒரு படி கூட்டியே வாங்க வேண்டும். லேப்டாப்தான் வேண்டுமென்றால், ரேம் மாற்றக்கூடியதா என்று தயாரிப்பாளரின் விவரக்குறிப்பைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். விற்பவரின் வாய்ச்சொல் போதாது.

ஒட்டுத்தாள் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடி பார்த்தேன். இருபத்தைந்து அடுக்குள்ள பக்கத்தைத் திறந்து நிழல்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, எஃபிஷியன்சி 60 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பழைய ஆல்பத்தைத் திரையருகே பிடித்துப் பார்த்ததில், ஒளியைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்த பிறகுதான் இரண்டும் ஒத்துப்போயின. மேசைக் கணினி, 32 ஜிபி ரேம், 27 அங்குல மானிட்டர் என்று முடிவு செய்திருக்கிறேன். தனிக் கார்டு வேண்டாம். இன்னும் இரண்டு கேள்விகள்: எஸ்எஸ்டி வந்த பிறகும் சேமிக்கும் நேரம் நீளுமா? பல ஆண்டுகளாகச் சேர்த்த தாள்களையும் அலங்காரங்களையும் புதிய கணினிக்கு எப்படிக் கொண்டுபோவது?

அடுக்குப்பணி எழுதியது:

சேமிக்கும் நேரம் பெரிதும் குறையும், ஆனால் முற்றிலும் மறையாது; அடுக்குகளோடு சேமிக்கும் போட்டோஷாப் கோப்பான பிஎஸ்டியைச் சுருக்கி எழுதும் வேலை பிராசசருடையது. விருப்பத்தேர்வுகளில் கோப்புக் கையாளுதல் பகுதியில், பிஎஸ்டி சுருக்கத்தை நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் விரைவாகச் சேமிக்கும். அதற்கு ஈடாகக் கோப்பின் அளவு பெரிதாகும். உங்களுக்கு 1 டிபி இருக்கும் என்பதால், முடிக்காத பக்கங்களுக்கு அதைத் துணிந்து பயன்படுத்தலாம்.

சேகரிப்பைப் பொறுத்தவரை, பழைய ஹார்ட் டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் முதலில் வெளிப்புற டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, கோப்புறைகளின் அளவு ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே புதிய கணினிக்கு மாற்றுங்கள். அந்த வெளிப்புற நகலை அழிக்காதீர்கள். குடும்பப் படங்களுக்கு மட்டும் இன்னொரு நகலை வீட்டுக்கு வெளியே, உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ வையுங்கள். தாள்களையும் பூக்களையும் மீண்டும் வாங்கிவிடலாம், படங்களை மீண்டும் எடுக்க முடியாது.

பலர் மறப்பது எழுத்துருக்களை. பழைய பிஎஸ்டி கோப்பைத் திறக்கும்போது எழுத்துரு இல்லையென்றால், தலைப்புகளைத் திருத்தப் போகையில் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து நகலெடுங்கள். ஆனால் எல்லாவற்றையும் புதிய கணினியில் நிறுவிவிட வேண்டாம். நூற்றுக்கணக்கில் நிறுவினால் போட்டோஷாப் திறப்பதும் எழுத்துருப் பட்டியல் விரிவதும் மெதுவாகும். பயன்படுத்திய பக்கங்களைத் திறந்து பார்த்து, அவை கேட்பவற்றை மட்டும் நிறுவிக்கொள்ளுங்கள். பழைய கணினியை யாருக்கேனும் கொடுப்பதற்கு முன், அதில் உள்ள போட்டோஷாப் கணக்கிலிருந்து வெளியேறவும் மறக்காதீர்கள்.