எரிக் கிளாப்டன் கையொப்ப மார்ட்டின்: கூடுதல் விலைக்குத் தகுமா?

கேள்வி: கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் பெயரில் மார்ட்டின் நிறுவனம் செய்யும் 000-28இசி கிட்டாரை வாங்க எண்ணியிருக்கிறேன். சாதாரண 000-28ஐவிட அதிகம் கொடுப்பது ஒலிக்காகவா, விரல்பலகையில் பொறித்த கையொப்பத்துக்காகவா என்பதே என் குழப்பம். நான் பெரும்பாலும் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரல்களால்தான் வாசிப்பேன்.

பதில் 1: கையொப்பத்தை விட்டுவிட்டு, இடக்கை பிடிக்கும் நீண்ட பகுதியான கழுத்தைக் கவனியுங்கள். இரண்டுக்கும் மேற்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ், பின்புறமும் பக்கங்களும் ஈட்டி மரம், தந்தி நீளமும் ஒன்றே என்பதால், எதிரே அமர்ந்து கேட்பவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது என்பது என் கருத்து. ஆனால் 000-28இசியின் கழுத்து பின்புறம் வி வடிவில் முகடு தட்டியிருக்கும். கட்டைவிரலை மேலே வளைத்து ஆறாம் தந்தியை அழுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும், ஒரே விரலால் பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் பார் கார்டுகளை நெடுநேரம் பிடிப்பவர்களுக்கோ உள்ளங்கையை உறுத்தலாம்.

பதில் 2: கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டையான நட்டின் அகலத்தையும் பாருங்கள். இசிக்கு 1¾ அங்குலம். பழைய 000-28கள் பலவற்றில் அது 1 11/16 மட்டுமே. விரல் வாசிப்புக்கு அந்த இடைவெளி உதவும். புதிய 000-28இலோ அதே 1¾ கிடைப்பதால், இசிக்கான வாதம் பாதி வலுவிழக்கிறது.

பதில் 3: பிற்காலத்தில் விலை ஏறும் என்று நம்பி வாங்க வேண்டாம். 1995இல் வந்த இன்னொரு கிளாப்டன் மாடலான 000-42இசி 461 மட்டுமே செய்யப்பட்ட அரிய பொருள். 000-28இசியோ 1996 முதல் தொடர்ந்து தயாராகும் கிட்டார்.

கேட்டவர்: நன்றி. வி கழுத்தைக் கடையில் பிடித்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பேன்.