மிஷன் ஊழியம் முடிந்து வந்தும் மனம் இங்கே ஒட்டவில்லை, உதவி தேவை

வெளிநாட்டில் நீண்டகால மிஷன் ஊழியம் முடித்துத் திரும்பிச் சில மாதங்கள் ஆகின்றன. தூக்கம் சரியில்லை. ஆராதனையில் நிற்கும்போதும் அந்தச் சபை மக்களின் முகங்கள்தான் கண்முன் வருகின்றன.

வீட்டில் மனம்விட்டுப் பேசினேன். அன்பாகக் கேட்கிறார்கள், ஆனால் சற்று நேரத்தில் பேச்சு மாறிவிடுகிறது. அங்குள்ளவர்களோடு வீடியோ காலில் பேசினால் ஏக்கம் இன்னும் கூடுகிறது. போதகர் ஜெபித்தார், ஆறுதலாக இருந்தது. அப்புறம் பழையபடிதான். 'ரிவர்ஸ் கல்ச்சர் ஷாக்' (வெளிநாட்டில் நெடுநாள் இருந்து திரும்பியவருக்குச் சொந்த ஊரே அந்நியமாகத் தோன்றுவது) பற்றியும் படித்துவிட்டேன்.

வேதாகமத்தில் பவுலும் பர்னபாவும் ஊழியப் பயணம் முடிந்து அந்தியோகியாவுக்குத் திரும்பியதும் சபையைக் கூட்டி, தேவன் செய்ததையெல்லாம் அறிவித்தார்கள் (அப்போஸ்தலர் 14:27). எனக்கு அப்படி முழுவதும் சொல்ல ஓர் இடமே அமையவில்லை. அதுதான் என்னை வாட்டுகிறது.

திரும்பிவந்த ஊழியர்களை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்கும் டீபிரீஃபிங் கூடுகை எதிலாவது நீங்கள் கலந்துகொண்டதுண்டா?