புதுப்பிப்பு: டெனாலி விமானம், கடைசியில் கிடைத்தது

அலாஸ்காவில் ஆங்கரேஜிலிருந்து ரயிலில் டால்கீட்னா போய், அன்றே டெனாலி மலையைச் சுற்றிக் காட்டும் குட்டி விமானத்தில் ஏற முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "ஒரே நாளை நம்பாதீர்கள், இரண்டு இரவு தங்குங்கள்" என்ற யோசனைதான் காப்பாற்றியது.

ரயிலில் நீங்கள் சொன்னபடி, மலை தெரியும் இடப்பக்கமே உட்கார்ந்தும் மேகம்தான் தெரிந்தது. அன்று விமானம் ரத்து. மறுநாள் காலையும் ரத்து. அப்புறம் இரவு 8 மணிக்குக் கூப்பிட்டார்கள், ஜூன் மாதமாச்சே, அங்கே வெகுநேரம் இருட்டாது, நல்ல வெயில்! 6,190 மீட்டர் சிகரம் முழுசாகத் தெரிந்தது. விமானம் ரூத் பனியாற்றின் மேலேயே இறங்கியது, அங்கே இருபது நிமிடம் நின்றோம்.

எதிர்பாராதது: ஏறும் முன் ஒவ்வொருவரையும் எடை பார்த்தார்கள். ஷூவுக்கு மேல் மாட்ட உறை அவர்களே தந்தார்கள். கறுப்புக் கண்ணாடியை மட்டும் மறக்காதீர்கள், பனியில் கண் கூசுகிறது.