வேலை போன பிறகு மாநில உதவித்தொகை: கலிஃபோர்னியா அனுபவங்கள்

ஃப்ரீமான்ட்வாசி:
கிரீன் கார்டு கைக்கு வந்த அடுத்த வருடமே வேலை போனது. வேலை போனவர்களுக்கு மாநிலம் தரும் பணத்துக்கு விண்ணப்பிக்க நம் ஆட்களுக்கு ஒரு கூச்சம், ஏதோ தர்மம் வாங்குகிற மாதிரி. இது முதலாளிகள் கட்டுகிற வரியிலிருந்து வரும் காப்பீடு. கலிஃபோர்னியாவில் வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர், பொதுவாக 26 வாரம் வரை. இங்கே வாடகைக்கு அது எந்த மூலைக்கு? மளிகைக்கு ஆகும், அவ்வளவுதான்.

எனக்கு வினை பழைய கம்பெனி ரூபத்தில் வந்தது. அனுப்பும்போது "டீமுக்குச் சரிவரவில்லை" என்று வாயால் சொன்னவர்கள், மாநிலத்திலிருந்து காரணம் கேட்டதும் 'மிஸ்காண்டக்ட்', அதாவது தவறான நடத்தை, என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தொகை கிடையாது என்று கடிதம் வந்தது. அதில் அஞ்சல் தேதி என்று ஒன்று இருக்கும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்பீலுக்கான 30 நாள் அன்றிலிருந்து ஓடும். கடிதம் நம் கைக்கு என்று வந்தது என்பது கணக்கில்லை.

அப்பீல் படிவத்தில் ராமாயணம் எழுதவில்லை. "முடிவை ஏற்கவில்லை, வேண்டுமென்றே எந்த விதியையும் மீறவில்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். விசாரணைக்கு முன்பே ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கம்பெனி என்ன எழுதியிருந்தது என்று அதில்தான் தெரிந்தது.

விசாரணை போனில் நடந்தது. கம்பெனி தரப்பில் எச்.ஆர். மட்டும் வந்தார். "நீங்கள் நேரில் பார்த்தீர்களா?" என்று நீதிபதி கேட்டார். "இல்லை, மேனேஜர் சொன்னார்." அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. முயன்றும் வேலை சரியாக வராதது வேறு, தவறான நடத்தை வேறு. இரண்டாவதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது.

இன்னொன்று. அப்பீல் நிலுவையில் இருக்கும்போதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செர்டிஃபை செய்துகொண்டே இருக்க வேண்டும், அதாவது அந்த வாரங்களில் நம் நிலைமை பற்றி மாநிலம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். "பணமே வரவில்லை, இது எதற்கு?" என்றுதான் தோன்றும். ஜெயித்த பிறகு அந்த வாரங்களுக்குத்தான் பணம் போடுவார்கள்.

சான்ஹோசே அக்கா:
செர்டிஃபை கேள்விகளில் "வேலை செய்து சம்பாதித்தீர்களா?" என்பதில் கவனம், தம்பி. வார இறுதியில் பாட்டு வகுப்பு எடுத்த பணமும் இதில் சேர்த்தி. வேலை செய்த வாரத்திலேயே சொல்ல வேண்டும், செக் பிறகு வந்தாலும் சரி. பிடித்தம் போகக் கையில் வந்ததை எழுதாதீர்கள், முழுத் தொகையை எழுதுங்கள். மறைத்தால் அபராதத்தோடு திருப்பிக் கேட்பார்கள்.

எச்1பி_புலம்பல்:
எச்1பி வேலை விசாவில் இருக்கும் எங்களுக்கும் இந்தப் பணம் உண்டா அண்ணா? கிரீன் கார்டு கேஸுக்கு ஆபத்து என்கிறார்களே?

ஃப்ரீமான்ட்வாசி:
எச்1பி-யில் பெரும்பாலும் கிடைக்காது. பொருத்தமான வேலை வந்தால் உடனே சேரத் தயாராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, அந்த விசாவோ ஒரே முதலாளியோடு கட்டிப்போட்டது. வேலை போனபின் வேறு முதலாளியைத் தேட உங்களுக்குக் கிடைக்கும் அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான் பெரிய கவலை, முதலில் அதைப் பாருங்கள். கிரீன் கார்டு கேஸில் 'பப்ளிக் சார்ஜ்' (அரசு உதவியை நம்பி வாழ்பவர்) என்று பார்க்கும் கணக்கில் இந்தத் தொகை வராது, அந்தப் பயம் வேண்டாம். வரி மட்டும் மறக்காதீர்கள்: கலிஃபோர்னியா வரி போடாது, ஃபெடரல் போடும். விண்ணப்பிக்கும்போதே 10 சதவீதம் பிடிக்கச் சொல்லலாம், நான் சொல்லிவிட்டேன்.