என் கட்டுரைப் பட்டியலுக்குள் இன்னொருவர் புகுந்துவிட்டார், வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். தேயிலை மண்ணின் அமிலத்தன்மைதான் என் ஆய்வு.

பதவி உயர்வு விண்ணப்பத்துக்காக நேற்றிரவு ஒரு தரவுத்தளத்தில் என் பெயரைத் தேடினேன். என்னுடைய 11 கட்டுரைகளுக்கு நடுவே இதய அறுவைச் சிகிச்சை பற்றி 4! ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "நீ எப்போதடி டொக்டர் ஆனாய்?" என்று கேட்டார்.

காரணம் புரிகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு சஞ்சிகையில் அப்பாவின் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் அவர் பெயர் முழுதாகப் பின்னால். இயந்திரம் பாவம், குழம்பாமல் என்ன செய்யும்?

சிக்கல், ஆய்வாளரின் தாக்கத்தை அளக்கும் எச்-சுட்டெண்ணில்தான். 5 ஆக இருந்தது 8 ஆகிவிட்டது; அதாவது பிறர் கட்டுரைகளில் தலா 8 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட 8 கட்டுரைகள். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு இது. மருத்துவத்தில் மேற்கோள்கள் மளமளவென்று குவியும், மண்ணியலில் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். இரவல் நகையோடு நேர்முகத்துக்குப் போக எனக்கு மனமில்லை.

ஒவ்வோர் ஆய்வாளரையும் தனியே அடையாளம் காட்டும் 16 இலக்க ஓர்கிட் (ORCID) எண் எடுத்துவிட்டேன். பழைய கட்டுரைகளை அதனோடு இணைத்தால் தரவுத்தளம் தானாகத் திருந்துமா, தனியே திருத்தக் கோரிக்கை அனுப்ப வேண்டுமா? எத்தனை நாள் எடுக்கும்? துறைவாரியாகச் சீராக்கிய மேற்கோள் அளவையும் (1 என்றால் உலகச் சராசரி) விண்ணப்பத்தில் காட்டியவர்கள் இருக்கிறீர்களா? தேர்வுக் குழு அதைப் பொருட்படுத்தியதா?

20ஆம் திகதி கடைசி நாள். மழையில் இங்கே சிக்னல் அடிக்கடி போய்விடுகிறது. நன்றி சொல்லத் தாமதித்தால் கோபிக்காதீர்கள்.