லினக்ஸில் ரீபூட்டுக்குப் பிறகு டிஸ்க் பெயர் மாறிய அனுபவங்கள்

இரவுப்பணி:
ஒரு வாடிக்கையாளர் இடத்தில் நடந்தது. ஓடிக்கொண்டிருந்த சர்வரில் புது டிஸ்க் சேர்த்து பார்ட்டிஷன் போட்டிருந்தார்கள். அப்போது அதற்கு லினக்ஸ் கொடுத்த பெயர் எஸ்டிசி, அதன் முதல் பார்ட்டிஷன் எஸ்டிசி1. "எஸ்டிசி1-ஐ ஃபார்மட் செய்து பேக்கப்புக்குக் கொடுக்கவும்" என்று டிக்கெட். இடையில் ஒரு ரீபூட். புது டிஸ்க் எஸ்டிபி ஆகிவிட்டது, டேட்டாபேஸ் டிஸ்க் எஸ்டிசிக்கு நகர்ந்துவிட்டது. டேட்டாபேஸ் டிஸ்க்கை மவுன்ட் செய்வது (ஒரு டைரக்டரியில் இணைப்பது) அங்கே கைவேலை, இன்னும் செய்யவில்லை. பக்கத்தில் இருந்த தம்பி டிக்கெட்டில் உள்ளபடியே ஃபார்மட் செய்யும் எம்கேஎஃப்எஸ் கமாண்டை அடித்தான். இதில் ஏற்கெனவே இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் இருக்கிறது, கடைசியாக டேட்டாபேஸின் மைஎஸ்க்யூஎல் டைரக்டரியில் மவுன்ட் ஆனது, தொடரலாமா என்று கேட்டு நின்றது. அந்த வரியும் பக்கத்தில் துடிக்கும் கர்சரும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. ஃபோர்ஸ் ஆப்ஷன் சேர்த்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

குளோன்காரன்:
எஸ்டிசி மாதிரிப் பெயருக்குப் பதில் யூயூஐடி (ஃபைல்சிஸ்டத்துக்குள்ளேயே எழுதியிருக்கும் அடையாள எண்) போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று அடுத்து யாராவது எழுதுவீர்கள். முழுக்க நம்பாதீர்கள். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் உள்ள டிஸ்க் ஒன்றை டிடி என்ற நகல் கமாண்ட் வைத்து அப்படியே இன்னொன்றுக்கு நகல் எடுத்தோம். இரண்டையும் ஒரே மெஷினில் மாட்டினால் இரண்டாவது ஏறவே இல்லை, அதாவது மவுன்ட் ஆகவில்லை. சிஸ்டத்தின் செய்திப் பதிவான டிமெஸ்ஸேஜில் ஒரே ஒரு வரி: டூப்ளிகேட் யூயூஐடி. யூயூஐடி மோதலைப் பார்க்காத நோயூயூஐடி ஆப்ஷனில் ஏற்றி, டேட்டாவைச் சரிபார்த்து, இறக்கிய பிறகு எக்ஸ்எஃப்எஸ்_அட்மினில் புது யூயூஐடி கொடுத்தோம். எக்ஸ்எஃப்எஸ் மறுத்தது நல்லதுதான். இஎக்ஸ்டி4 பேசாமல் ஏற்றிவிடும், எந்த நகலில் எழுதுகிறோம் என்றே தெரியாது.

யூடெவ்_ரசிகன்:
குளோன்காரரே, டிடி நகலை வைத்து யூயூஐடியைக் குறை சொல்வது நியாயமில்லை. நகல் எடுத்தால் அதுவும் சேர்ந்துதான் வரும். இரவுப்பணி அண்ணே, லினக்ஸின் மையமான கர்னலுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்பதெல்லாம் கண்டுபிடித்த வரிசையில் கொடுத்த பெயர், அவ்வளவுதான். உள்ளே அது பார்ப்பது மேஜர் (எந்த டிரைவர்), மைனர் (எந்த டிஸ்க், பார்ட்டிஷன்) எண்களை. எஸ்டிஏவுக்கு 8:0, எஸ்டிபிக்கு 8:16, ஒரு டிஸ்க்குக்குப் பதினாறு இடம். கன்ட்ரோலர் எதை முதலில் காட்டுகிறதோ அதற்கு முதல் எழுத்து. அடுத்த பூட்டில் அதே வரிசை வரும் என்று யாரும் உறுதி தரவில்லை. அதனால்தான் டிவைஸ் பெயர்களைக் கவனிக்கும் யூடெவ், டிஸ்க் டைரக்டரிக்குள் பை-ஐடி, பை-யூயூஐடி, பை-பாத் என்று சிம்லிங்க் (டிஸ்க்கைச் சுட்டும் மாற்றுப் பெயர்) போட்டுத் தருகிறது. ஃபார்மட் என்றால் எப்போதும் பை-ஐடி, அதில் மாடலும் சீரியல் நம்பரும் இருக்கும். அதற்கு முன்னால் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கேயில் அளவையும் சீரியலையும் பாருங்கள். பூட்டில் எதையெல்லாம் மவுன்ட் செய்வது என்ற பட்டியலான எஃப்எஸ்டேப்பில் யூயூஐடி. முக்கியமில்லாத டிஸ்க்குக்கு நோஃபெயில் சேருங்கள், இல்லாவிட்டால் அது இல்லாத நாளில் பூட்டை நடத்தும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் தள்ளும். ரூட்டையும் (முதன்மை ஃபைல்சிஸ்டம்) கர்னல் வரியில் (பூட்டில் கர்னலுக்குக் கொடுக்கும் ஆப்ஷன்கள்) யூயூஐடியாகவே கொடுங்கள், கர்னல் தேடிக்கொள்ளும். என் அனுபவம் சின்னது: இரண்டு டிஸ்க் மாட்டும் யூஎஸ்பி டாக் ஒன்று இரண்டுக்கும் ஒரே சீரியலைச் சொன்னது. பை-ஐடியில் ஒரே ஒரு லிங்க்தான் இருந்தது.

பழைய_ஐடிஇ:
அந்தப் பதினாறு இடக் கணக்கு என்னைக் கடித்தது 2007-இல். ஃபெடோரா 7 லினக்ஸ் வந்தபோது பழைய வகை ஐடிஇ டிஸ்க்கெல்லாம் லிப்ஏடிஏ என்ற டிரைவர் தொகுப்புக்கு மாறி, எச்டிஏ எஸ்டிஏ ஆனது. எச்டிஏவில் 63 பார்ட்டிஷன் வரை போகலாம், எஸ்டிஏவில் முழு டிஸ்க்குக்கு ஒரு இடம் போக 15 தான். எங்கள் லேப் மெஷின் ஒன்றில் அதற்கு மேல் இருந்தது. பட்டியல் 15-உடன் நின்றுவிட்டது. டேட்டா டிஸ்க்கிலேயே இருக்கிறது, கர்னல் காட்டவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் அழிந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள். பிற்காலக் கர்னலில் மேஜர் 259 வழியாக அந்த எல்லை போய்விட்டது.

இனிட்ராம்_இல்லாதவன்:
யூடெவ்_ரசிகன் சொன்ன ஒன்று தவறு. கர்னல் வரியில் கொடுக்கும் ஃபைல்சிஸ்டம் யூயூஐடியைக் கர்னல் தானாகத் தேடாது, தேடுவது பூட்டின்போது முதலில் ஏறும் சின்னத் தற்காலிக ஃபைல்சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ். அது இல்லாமல் பில்ட் செய்த ஒரு போர்டு, ரூட்டை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று பானிக் ஆகி நின்றது. யூயூஐடி எழுத்துக்கு எழுத்து சரியாகத்தான் இருந்தது. பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷன் டேபிளில் இருக்கும் அடையாள எண்) என்று மாற்றியதும் ஏறியது, ஏனென்றால் பார்ட்டிஷன் டேபிளைக் கர்னலே படிக்கிறது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் கர்னல் வரி இருக்கும் சிஎம்டிலைன் ஃபைலைத் திறந்து பாருங்கள், ரூட்டுக்கு அங்கேயும் பார்ட்யூயூஐடிதான் இருக்கும்.